ஜனவரியிலேயே முடிந்த ஆண்டு வேலை!

ஒருவர் நன்றாக உழைக்கிறார். எல்லோரையும்விட அதிகமாகச் சரக்கு விற்றுக் கொடுக்கிறார். அவருக்கு என்ன கிடைக்க வேண்டும்?

கூடுதல் பணமும் பாராட்டும் கிடைக்க வேண்டும். இதுதான் நியாயம்.

ஆனால் ஒருவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? இதற்கு மேல் விற்றாலும் காசு இல்லை என்ற கட்டுப்பாடு!

அவர் பெயர் ராஸ் பெரோ. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1930-ம் ஆண்டு பிறந்தவர். முதலில் கடற்படையில் வேலை பார்த்தார். பிறகு 1957-ல் டல்லாஸ் நகரில், ஐ.பி.எம். கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார்.

விற்பனைப் புலி

அவர் விற்றது கம்ப்யூட்டர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், மேஜை மேல் வைக்கிற சாமான் அல்ல. ஒரு பெரிய அறையையே அடைத்துக் கொள்ளும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதை ஒரு கம்பெனியின் தலையில் கட்டுவது லேசான வேலையா?

பெரோவுக்கு அது கை வந்த கலையாக இருந்தது.

ஒவ்வொரு விற்பனையாளரும் ஓர் ஆண்டில் இவ்வளவு விற்க வேண்டும் என்று ஐ.பி.எம். ஓர் இலக்கு வைத்திருந்தது. விற்பனைக்குத் தகுந்தபடி கமிஷன் உண்டு. ஆனால் அந்தக் கமிஷனுக்கு உச்சவரம்பும் உண்டு! அந்த எல்லையைத் தொட்டு விட்டால், பிறகு மலை மலையாக விற்றாலும் ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காது.

1962-ம் ஆண்டு பிறந்தது. ஜனவரி மாதம் முடியவில்லை. அதற்குள் பெரோ அந்த ஆண்டு முழுவதற்குமான இலக்கை எட்டி விட்டார்!

மீதி 11 மாதம் என்ன செய்வது? ஓடத் தெரிந்த குதிரையைக் கொட்டிலில் கட்டியது போல் ஆகி விட்டது.

காது கொடுக்கவில்லை

பெரோ சும்மா இருக்கவில்லை. அவர் மனதில் ஒரு யோசனை இருந்தது.

கம்ப்யூட்டர் வாங்கிய பல கம்பெனிகளுக்கு அதை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை. பாத்திரம் மட்டும் வாங்கினால் போதுமா? சமைக்கத் தெரிந்த ஆளும் வேண்டாமா?

எந்திரத்தை மட்டும் கொடுக்காமல், அதை இயக்குகிற ஆட்களையும் நாமே கொடுக்கலாம், அந்த வேலைக்கும் பணம் வாங்கலாம் என்று பெரோ மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார்.

அவர்கள் அக்கறை காட்டவில்லை. எந்திர வியாபாரம்தான் கொழிக்கிறதே, இது எதற்கு என்று இருந்து விட்டார்கள்.

சம்பாதிக்கவும் வழி இல்லை. சொன்னதைக் கேட்கவும் ஆள் இல்லை. நல்ல விற்பனையாளர் எத்தனை நாள் பொறுப்பார்?

மனைவியின் ஆயிரம் டாலர்

பெரோவுக்கு அப்பொழுது மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் இருந்தனர். மாதா மாதம் சம்பளம் தரும் வேலையை உதறுவது என்றால் விளையாட்டா? ஆனாலும் அவர் துணிந்தார்.

மனைவி மார்கோ ஆசிரியையாக வேலை பார்த்தவர். அவருடைய சேமிப்பில் இருந்து 1,000 டாலர் வந்தது. அதுதான் முதல். 1962 ஜூன் 27-ந் தேதி, தன்னுடைய 32-வது பிறந்த நாளில், எலெக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைப் பெரோ தொடங்கினார்.

கம்பெனி இருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை!

ஓர் இன்சூரன்சு கம்பெனியில் ஐ.பி.எம். எந்திரம் ஒன்று பல மணி நேரம் சும்மா கிடந்தது. அந்த நேரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கினார். தேவைப்பட்டவர்களுக்கு லாபத்துக்கு விற்கப் புறப்பட்டார். படி ஏறிய இடமெல்லாம் "வேண்டாம்" என்றார்கள். 77 பேர் கை விரித்த பிறகுதான் முதல் வியாபாரம் படிந்ததாம்!

பிறகு கம்பெனி வளர்ந்தது. 1984-ம் ஆண்டு அதை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வாங்கியது. விலை 250 கோடி டாலர்!

பின்னாளில் ஐ.பி.எம். கம்பெனியும் அதே தொழிலில் இறங்கியது. 1990-களில் பெரோ தொடங்கிய கம்பெனியோடு போட்டி போட வேண்டியதாயிற்று.

பழைய கதை திரும்பியது

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.பி.எம். கம்பெனியைப் பெரிதாக்கிய தாமஸ் வாட்சனும் ஒரு விற்பனையாளரே! அதுவும் விரட்டப்பட்ட விற்பனையாளர்!

அவர் முதலில் நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் என்ற கம்பெனியில் இருந்தார். கடைகளில் பணம் போடும் கல்லாப்பெட்டி எந்திரம் செய்த கம்பெனி அது. அதன் முதலாளி ஜான் பாட்டர்சன். விற்பனையாளர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்துப் பயிற்சி கொடுத்த கெட்டிக்காரர். ஆனால் நன்றாக வளர்ந்தவர்களைத் திடீர் என்று வெளியே அனுப்புவதும் அவர் வழக்கம். வாட்சனையும் அப்படியே அனுப்பினார்.

வாட்சன் 1914-ல் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனிதான் 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. உலகப் புகழ் பெற்றது.

1962-ல் பெரோ வெளியேறியபொழுது ஐ.பி.எம். தலைவராக இருந்தவர் யார்? அந்த வாட்சனின் மகன்!

முதலாளியின் தப்புக் கணக்கு

உச்சவரம்பு வைக்கிற முதலாளி என்ன நினைக்கிறார்? "இவனுக்கு இவ்வளவு கமிஷனா?" என்று நினைக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் சரக்குக்கு 5 ரூபாய் கமிஷன் என்று வைத்துக் கொள்வோம். அந்த 5 ரூபாயை மிச்சம் பிடித்தால், விற்பனையாளர் 100 ரூபாய் சரக்கை விற்கப் போகமாட்டார். அதில் வரும் லாபம் முழுவதும் யாருக்கு நஷ்டம்? முதலாளிக்குத்தான்!

இன்னும் சிலர், ஒருவர் பாடுபட்டு வளர்த்த ஊரைப் பிரித்து வேறு ஆளிடம் கொடுப்பார்கள். சிலர் சேர வேண்டிய கமிஷனை இழுத்தடிப்பார்கள். எல்லாம் ஒரே தவறுதான். உழைத்தவனின் பலனைக் கண்டு மனம் பொறுக்காத தவறு!

சாதாரண விற்பனையாளர் இவற்றைச் சகித்துக் கொண்டு இருப்பார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை. நல்ல விற்பனையாளருக்கு நாலு கதவு திறந்திருக்கும். அவர் சண்டை போடமாட்டார். ஒரு நாள் சாவியைக் கொடுத்து விட்டுப் போய் விடுவார். அவரை நம்பி வந்த வாடிக்கைக்காரர்களும் பின்னாலேயே போய் விடுவார்கள்.

பெரிய கம்பெனிக்கு மட்டும் அல்ல, நம் தெருவில் இருக்கும் ஜவுளிக் கடைக்கும் இது பொருந்தும். உங்கள் கடையில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருக்கிறானா? அவனுக்குச் சேர வேண்டியதைத் தேதி தவறாமல் கொடுங்கள். அவன் ஏதாவது யோசனை சொல்ல வந்தால், கல்லாவை மூடி வைத்து விட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டால், எதிர்க்கடைக்காரர் கேட்பார்!