மஞ்சள் இலையும் பசளைச் சாக்கும்

தேசி மரத்தின் இலை மஞ்சளித்தால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கை முதலில் பசளைச் சாக்கைத்தான் தேடும். அதில் நியாயமும் உண்டு. குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். சுன்னாகம், கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் அதன் மேல்தான் படிந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரும் அதைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. காரம் ஏறிய இத்தகைய மண்ணில் நாகம், இரும்பு, மங்கனீசு எல்லாம் இருந்தாலும் வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் இருப்பதில்லை. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியும் கொழுந்திலைகள் இங்கே பழகிய காட்சி.

ஆனால் ஏறத்தாழ இதே மஞ்சளை ஒரு பற்றீரியாவும் உண்டாக்கும். சிட்ரஸ் கிரீனிங் எனப்படும் நோயின் காரணியான லிபரிபக்டர் அது. ஆசிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் இந்நோய் இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது. சிலிட் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. நோயுள்ள தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கிளையும் கொண்டுபோகும். கறிவேப்பிலைக் கொழுந்திலும் சிலிட் முட்டையிட்டுப் பெருகும் என்பதை வீட்டு வளவில் தேசியையும் கறிவேப்பிலையையும் வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்.

இந்த நோயைக் கனியுப்புக் கோளாறு என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். தென்னாபிரிக்காவில் 1920களின் கடைசியில் தோடைத் தோட்டங்களில் அது தோன்றியபோது மண்ணில்தான் பழுதைத் தேடினார்கள். ஒட்டினாலும் பூச்சியாலும் அது தொற்றும் என்று அங்கே நிறுவ 1965 ஆயிற்று. சீனாவில் லின் கொங்சியாங் 1956இலேயே ஒட்டுமூலம் தொற்றுவதைக் காட்டியிருந்தார். இந்தியாவிலும் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போனதற்கு நெடுங்காலம் நாகக் குறைபாட்டையே குற்றம் சொன்னார்கள். அவர்களைக் குறைகூற முடியாது. இலையைப் பரிசோதித்தால் நாகம் உண்மையாகவே குறைந்திருக்கும்!

எப்படிக் குறைகிறது? பற்றீரியா குடியிருப்பது இலை தயாரித்த வெல்லத்தைக் கீழே கொண்டுசெல்லும் உரியக் குழாய்களில். தொற்றை உணர்ந்த மரம் அக்குழாய்களின் சல்லடைத் துளைகளைக் கலோசு என்னும் பொருளால் அடைக்கிறது. வெல்லம் இறங்க வழியில்லாமல் இலையிலேயே மாப்பொருளாகத் திரள்கிறது. பச்சையவுருமணிகள் அந்த மாப்பொருளால் பிதுங்கிச் சிதைவதே மஞ்சளுக்கு ஒரு காரணம். அதேவேளை கீழே வேர் பட்டினி கிடக்கிறது. மெல்லிய உணவூட்டும் வேர்கள் அழியும்போது, மண்ணில் எவ்வளவு நாகம் போட்டிருந்தாலும் அதை எடுத்து மேலே அனுப்ப ஆளில்லை. கல்சியம், மகனீசியம், இரும்பு, மங்கனீசு, நாகம் ஆகியவை நோயுற்ற இலைகளில் குறைவதையும், பொற்றாசியம் மாத்திரம் கூடுவதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கனியுப்பு அளவை உலர் எடைக்குத்தான் கணக்கிடுகிறோம். மாப்பொருள் திரண்டு எடை ஏறிய இலையில், கனியுப்பு வெளியேறாமலே வீதம் இறங்கிக் காட்டும். ஆகவே ஆய்வுகூட அறிக்கையில் 'குறைவு' என்று வந்ததை மட்டும் பார்த்துப் பசளை சிபாரிசு செய்வது ஆபத்து.

வேறுபாட்டைக் கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். நாகக் குறைபாட்டில் நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளிக்கும். கிரீனிங்கில் பக்கத்துக்குப் பக்கம் மாறி, திட்டுத் திட்டாக இருக்கும். பேனையால் நடுநரம்பின் இருபுறமும் நேரெதிரே இரண்டு வட்டம் கீறி உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைபாடு பெரும்பாலும் மரம் முழுக்கத் தெரியும். தொற்று ஒரு கிளையில் தொடங்கும். பழம் கோணலாகி, காம்புப் பக்கம் நிறம் மாறியும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால் சந்தேகம் வலுக்கும். மணல்தாளால் இலையைத் தேய்த்து, அந்தத் தாளைச் சொட்டுத் தண்ணீரில் அலசி அயடீன் விட்டால், திரண்ட மாப்பொருள் கருநீலமாகக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானில் தோட்டத்திலேயே செய்யப் பழக்கிய சோதனை இது. இறுதி உறுதிக்குப் பிசிஆர் பரிசோதனைதான் வேண்டும்.

உறுதியானால் மரத்தைக் குணமாக்கும் மருந்தில்லை. இலைக்கு நாகமும் மங்கனீசும் தெளித்தால் பச்சை திரும்பலாம், பற்றீரியா போகாது. 2005இல் நோய் புகுந்த புளோரிடாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஆனாலும் 2003-04இல் சுமார் 24 கோடிப் பெட்டியாக இருந்த தோடை விளைச்சல் 2022-23இல் 2 கோடிக்கும் கீழே விழுந்தது. சூறாவளிகளுக்கும் அதில் பங்குண்டு, ஆனால் அடித்தளத்தை அரித்தது இந்த நோய். நோய்மரத்தை அகற்றுவது, சிலிட்டை அடக்குவது, சுத்தமான தாய்மரத்துக் கன்றை மட்டும் நடுவது என்பவைதான் இன்றைக்கும் கையிலுள்ள முக்கிய வழிகள்.

குடாநாட்டில் பிழையான கணிப்புக்கு விலை இன்னும் கூட. வேரில்லாத மரத்துக்குப் போடும் நைதரசன் பசளை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகக் கிணற்றில் இறங்குகிறது. இங்குள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விடயம். ஆகவே மஞ்சளித்த தேசி இலையை விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோகும்போது, கனியுப்புப் பகுப்பாய்வு, நோய்ப் பரிசோதனை இரண்டையும் அதே இலையில் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. வலிகாமத்துத் தேசி மரங்களில் எத்தனை மண்ணால் மஞ்சளித்தவை, எத்தனை தொற்றால் மஞ்சளித்தவை என்று பிரித்துக் கணக்கெடுப்பது அங்குள்ள மாணவர்களுக்கு நல்லதொரு ஆய்வு.