சொந்த விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்களே, கவனியுங்கள்

அமெரிக்காவில் ஒருவர் தன் கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. வேலையில் பாதிக்கு மேல், பொழுதுபோக்காகவோ கற்பதற்காகவோ அவரே செய்திருக்க வேண்டும். பெயின்ட் வேலை இந்தக் கணக்கில் வராது. தாராளமாக வெளியே கொடுக்கலாம். ஆனாலும் பலர் தாங்களே ஸ்பிரே கன்னை எடுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பாலியூரித்தேன் பெயின்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்குக்கு வாசனை தெரிவதற்குள் பாதுகாப்பான அளவு மீறியிருக்கும். அதனால் முகமூடியின் வடிகட்டி தீர்ந்துபோனாலும் தெரியாது. ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். ஒவ்வாமையை நீக்க மருந்து கிடையாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி, கையுறை, முழு உடை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். குரோமேட் பிரைமரைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் புற்றுநோய் தரக்கூடியது. தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். அந்தக் கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பெயின்ட் பட்டறைத் தொழிலாளிக்கு ஓஷா என்ற அமெரிக்க வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. குரோமியம்-6 காற்றில் ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. முகமூடி முதலாளி செலவு. மீறினால் பெயர் வெளிவராமல் புகார் கொடுக்கலாம். கராஜில் தனக்காக அடிப்பவருக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. ஆகவே டின்னைத் திறக்கும் முன் அதன் பாதுகாப்புத் தகவல் தாளை வாங்கிப் படியுங்கள்.

அடுத்தது விமானத்தின் உயிர். விமானத் தகட்டின் மேலுள்ள தூய அலுமினியப் படலம் மிக மெல்லிசு. உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும், அரிப்பு உள்ளே இறங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகங்களான ஐலரான், எலிவேட்டர் ஆகியவற்றில். பின்விளிம்பில் பட்டியும் பெயின்டும் கனமாக ஏறினால் சமநிலை கெடும். வேகம் கூடும்போது அவை படபடத்து, பாகமே பிய்ந்து போகலாம். பெயின்ட் காய்ந்ததும் அவற்றின் சமநிலையைச் சோதித்து, முழு விமானத்தையும் மறுபடி எடைபோடுங்கள்.

மறைப்பு டேப்பை எண்ணி ஒட்டி, எண்ணிப் பிரியுங்கள். 1996-இல் பெரு நாட்டின் லீமாவில், கழுவித் துடைத்தவர்கள் காற்றழுத்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டதால், ஏரோபெரு 603 விமானத்தின் உயரமானியும் வேகமானியும் தப்பாகக் காட்டின. அதில் இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

கட்டிமுடித்த விமானத்தை வாங்குபவர்கள், பெயின்டுக்குப் பிந்தைய எடைப் பதிவையும் சமநிலைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லையென்றால், மெக்கானிக்கை வைத்து எடைபோட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.