இருமுறை எண்ணப்படுவோர்

தெளிவாக வரையறுக்கப்பட்ட உறுப்புகளின் தொகுப்பைக் கணிதத்தில் ‘கணம்’ என்பர். இரு கணங்களின் உறுப்புகளை எல்லாம் ஒருங்கே கொள்வது சேர்ப்பு. இரண்டிற்கும் பொதுவானவற்றை மட்டும் கொள்வது வெட்டு. இலங்கைத் தமிழர் கணத்தைத் ‘தொடை’ என்றும், இவ்விரண்டையும் ‘ஒன்றிப்பு’, ‘இடைவெட்டு’ என்றும் வழங்குவர். வெட்டு என்றதும் துண்டிப்பதே நினைவுக்கு வருதலின், இடைவெட்டு என்பதே பொருத்தமாக நமக்குத் தோன்றுகிறது.

சேர்ப்பின் அளவைக் காண இரு கணங்களின் அளவுகளைக் கூட்டினால் போதாதோ எனின், போதாது. பொது உறுப்புகள் இருமுறை எண்ணப்பட்டுவிடும். ஆதலின் அவற்றை ஒருமுறை கழித்தல் வேண்டும்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் விழுப்புரம் மாவட்டக் கணக்கில் செஞ்சி, மயிலம், திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர் என 7 தொகுதிகள் இருந்தன. 2008 எல்லை வரையறையின்படி விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் அடங்குவன 6. செஞ்சியும் மயிலமும் அதில் இல்லை. அவை ஆரணியைச் சேர்ந்தவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையோ அதில் உண்டு. பொதுவானவை 5. எனவே சேர்ப்பின் அளவு 7 + 6 - 5 = 8 ஆகும். 13 என்போமாயின், இல்லாத ஐந்து தொகுதிகளை நாமே படைத்தவராவோம்!

மூன்று கணங்களாயின், இவ்விரண்டாகக் கொண்ட வெட்டுகளைக் கழித்தபின், மூன்றிற்கும் பொதுவானதை மீண்டும் கூட்ட வேண்டும். மும்முறை எண்ணப்பட்ட அது மும்முறையும் கழிக்கப்பட்டு மறைந்துவிடுவதே காரணம்.

இது ஏட்டுக் கணக்கன்று. கல்வி உதவித்தொகைக்கு விழுப்புரத்தில் 60 மாணவர், திண்டிவனத்தில் 45 மாணவர் எனப் பட்டியல்கள் வந்தன என்றும், இரண்டிலும் இடம்பெற்றோர் 12 பேர் என்றும் கொள்வோம். உண்மையில் மாணவர் 93 பேரே. ரூ. 1,95,300 நிதியைப் பகிர்ந்தால் ஒருவருக்கு ரூ. 2,100 கிடைக்கும். 105 எனக் கருதினாலோ ஒரு பங்கு ரூ. 1,860 ஆகிவிடும், பன்னிருவர் இரு பங்கு பெற, ஏனைய 81 பேரும் தலைக்கு ரூ. 240 இழப்பர்.

வாக்காளர் பட்டியலிலும் இச்சிக்கல் உண்டு. திண்டிவனத்தில் பெயரிருக்க, விழுப்புரத்தில் குடியேறி அங்கும் பதிவு செய்துகொள்வோர் இருமுறை எண்ணப்படுவர். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறுதலை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுக்கிறது. கணித மொழியிற் கூறின், அவ்வெட்டு வெற்றுக் கணமாதல் வேண்டும்.

கழித்தல் எளிது, பொதுவானவர் யார் எனக் காண்பதே அரிது. முகம்மது, முகமது, முஹம்மத் என ஒரே பெயர் மூவகையாக எழுதப்படும் நம்மிடையே ஒருவரே இருவராகிவிடுவார். ஒரே பெயருடைய இருவர் ஒருவராகிவிடுதலும் உண்டு. எனவே பெயரோடு தந்தை பெயரையும் பிறந்த நாளையும் ஒப்பிட்ட பின்னரே கழிக்கத் தொடங்குதல் வேண்டும்.