அப்பா வராத கல்யாணம்

2002 பிப்ரவரி 2. ஆம்ஸ்டர்டாமின் நியூவெ கெர்க் தேவாலயம். நெதர்லாந்து பட்டத்து இளவரசர் வில்லெம்-அலெக்சாண்டருக்குக் கல்யாணம். மணப்பெண் அர்ஜென்டினாக்காரி மாக்சிமா. பண்டோனியான் வாத்தியத்தில் ‘அடியோஸ் நோனினோ’ ஒலிக்கத் தொடங்கியதும் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பியாசோலா என்ற இசைமேதை தன் அப்பா இறந்த துக்கத்தில் 1959இல் அமைத்த இசை அது. மாக்சிமாவின் அப்பாவோ உயிரோடுதான் இருந்தார். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை!

ஏன்? அங்கே ராஜ குடும்பத்துக் கல்யாணம் முதலில் நிச்சயமாவது நாடாளுமன்றத்தில்தான். அரியணை வரிசையில் இருப்பவர் மணம் முடிக்க வேண்டுமானால் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி, தனிச் சட்டமே இயற்றிச் சம்மதம் தர வேண்டும். சம்மதம் இல்லாமல் தாலி ஏறினால் பட்டம் போச்சு; பிறக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை கிடையாது. அரசரே அப்படி மணந்தால் முடி துறந்ததாகவே கணக்கு!

மாக்சிமாவின் அப்பா ஹோர்ஹே சோரெகியேட்டா, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் விவசாயத் துறையைக் கவனித்தவர். ஆயிரக்கணக்கானோர் காணாமல் போன காலம் அது. அவரோடு நெதர்லாந்து அரசு சம்பந்தம் பேசுவதா என்று கொந்தளிப்பு. திரைமறைவில் நடந்ததுதான் சுவாரஸ்யம். பிரதமர் விம் கோக், முன்னாள் வெளியுறவு அமைச்சர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூலை ரகசியமாகத் தூது அனுப்பினார். கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று பெண்ணைப் பெற்றவரிடமே பேசிச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு கனமான வேலை! ஹோர்ஹே ஒப்புக்கொண்டார். அம்மாவும் வரவில்லை. 2001 ஜூலையில் நாடாளுமன்றம் பச்சைக்கொடி காட்டியது.

வில்லெம்-அலெக்சாண்டரின் தம்பி ஃப்ரிசோவின் கதை வேறு. அவர் காதலி மேபல், சுட்டுக் கொல்லப்பட்ட போதைமருந்து தாதா ஒருவருடன் தனக்கிருந்த பழைய பழக்கத்தைப் பற்றி அரசிடம் முழுசாகச் சொல்லவில்லை. பிரதமர் பால்கெனெண்டெ, சம்மதச் சட்டத்தைக் கொண்டுவரப் போவதில்லை என்று 2003 அக்டோபரில் அறிவித்துவிட்டார். ஃப்ரிசோ அசரவில்லையே! 2004 ஏப்ரல் 24, டெல்ஃப்ட் நகரில் கல்யாணம். குட்டிக் குட்டி ‘போ’ முடிச்சுகள் நிறைந்த கவுனில் மேபல் வர, வரிசையில் மூன்றாவதாக இருந்தவர் பட்ட உரிமையை விட்டுவிட்டுக் கைப்பிடித்தார். அம்மா, அரசி பியாட்ரிக்ஸ் வந்திருந்தார்.

இதைச் சொல்லும்போது பியாட்ரிக்ஸின் தங்கை ஐரீன் நினைவுக்கு வருகிறார். 1964இல் ரோம் நகரில் தன் காதலர் கார்லோஸ் ஹியூகோவை நாடாளுமன்றச் சம்மதமின்றி மணந்தபோது பிறந்த வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. நாற்பது வருஷத்தில் அந்த வீடு எவ்வளவு மாறிவிட்டது!

இப்போது எல்லார் கண்ணும் மாக்சிமாவின் மூத்த மகள் அமாலியா மேல்தான். 2003இல் பிறந்தவர், அடுத்த அரசி. அவர் ஒரு பெண்ணை மணந்தாலும் பட்டம் போகாது என்று 2021இல் பிரதமர் மார்க் ருட்டெ நாடாளுமன்றத்துக்கே எழுதிவிட்டார். ஆனால் மாப்பிள்ளையோ பெண்ணோ, யாராக இருந்தாலும் அதே இரு அவைகளும் ஒன்றாகக் கூடிச் ‘சரி’ சொன்ன பிறகுதான் முகூர்த்தம்!