அசுவினிக்குள் ஒரு காவல்

பட்டாணிச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிக்கு ஒரு பரம எதிரி உண்டு. அஃபிடியஸ் எர்வி என்னும் சிறு குளவிதான் அது. குளவி அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்து வரும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும்.

ஆனால் சில அசுவினிகள் பிழைத்துக்கொள்கின்றன. அவற்றின் உடலில் குடியிருக்கும் ஹாமில்டோனெல்லா டிஃபென்சா என்னும் பாக்டீரியா குளவிப் புழுவை வளரவிடாது. 2003-ல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். பிறகு இன்னொரு வியப்பு: புழுவைத் தாக்கும் நச்சுக்கான மரபணு, பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வைரஸுடையது! வைரஸ் நீங்கினால் பாதுகாப்பும் நீங்கிவிடுகிறது.

தாயிடமிருந்து குஞ்சுகளுக்கும் இந்த பாக்டீரியா போய்ச் சேர்கிறது. பூச்சியைக் கட்டுப்படுத்தக் குளவியை நம்புவோர் இந்தக் கூட்டணியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.