தெளிந்த தண்ணீர் போதாது: கண்டியில் ஒரு கடல்மீன் தொட்டி

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் நண்பரின் ஊர் குச்சவெளி. 1990இல் இடம்பெயர்ந்தபோது அவருக்கு எட்டு வயது. கண்டியில் பிறந்து வளரும் அவரது இரண்டு பிள்ளைகளுக்கும் கடல் என்பது பாடசாலை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம். அவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் தனக்காகவும்தான், மூன்றடி நீளமான ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கினார். கடையில் சொன்னபடி உப்பைக் கரைத்தார், மணலும் கல்லும் போட்டார், மோட்டரை ஓடவிட்டார். தண்ணீர் தெளிந்தவுடன் மீன் விடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். மறுநாளே தெளிந்துவிட்டது. இரண்டு கோமாளி மீன்களும் ஒரு நீல மீனும் வீட்டுக்கு வந்தன.

நான்காம் நாள் நீல மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பத்தாம் நாள் தொட்டியில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் முதல் நாளைப் போலவே தெளிவாக இருந்தது.

கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்கும் பலருக்கு நடப்பது இதுதான். மீனின் மீதோ ராசியின் மீதோ பழியைப் போட்டுவிட்டு அடுத்த மீனை வாங்குவார்கள், அதுவும் சாகும். அந்தத் தொட்டியில் இல்லாமல் போனது கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

மீன் தன் பூக்கள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அமோனியாதான். கடலில் அது கரைந்து போய்விடும். நூற்றைம்பது லீற்றர் தொட்டியில் அது போக இடமில்லை. இதிலே நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. நன்னீரின் பீ.எச். பெறுமானம் ஏழை அண்டியிருக்கும், அந்த நிலையில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியமாகவே இருக்கும். கடல்நீரின் பீ.எச். 8.1 முதல் 8.4 வரை. அங்கே அதே அளவு கழிவு பல மடங்கு நஞ்சாகிறது. கப்பியும் கோல்ட் பிஷ்ஷும் வளர்த்த அனுபவம் இங்கே அவ்வளவாக உதவாது.

இந்த நஞ்சைத் தின்று தீர்ப்பவை பற்றீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. கடைசியில் வரும் நைத்திரேற்று அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தீங்கில்லை, தண்ணீரில் ஒரு பகுதியை இடைக்கிடை மாற்றினால் போதும். பிரச்சினை என்னவென்றால் இந்தப் பற்றீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டிப் போதிய அளவு பெருக நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் எடுக்கும். அதுவரை தொட்டிக்குள் மீன் வேண்டியதில்லை. பச்சை இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டாலே அவற்றுக்கு உணவு கிடைத்துவிடும். முதலில் அமோனியா ஏறும், பிறகு அது இறங்க நைத்திரைற்று ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் பூச்சியத்தில் நின்றால் தொட்டி தயார். இதை அறியக் கண் உதவாது. சில துளி மருந்தை விட்டு நிறத்தைப் பார்க்கும் பரிசோதனைப் பொதி வேண்டும். மீனுக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் இதற்குத்தான் யோசிக்கிறார்கள்.

கண்டிக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் நகரம் இது. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கும். பவளப்பாறை மீன்களுக்கு 25, 26 பாகை வேண்டும். கொழும்பில் தொட்டி வைத்திருப்பவர் ஹீற்றர் இல்லாமலே சமாளித்துவிடலாம், இங்கே அது முடியாது. குழாய்நீரில் குளோரீன் இருக்கிறது, அது மீனுக்கு மட்டுமல்ல, நாம் காத்திருந்து வளர்க்கும் பற்றீரியாவுக்கும் எதிரி. ஒரு நாள் முழுவதும் காற்றுக்குமிழி விட்டு வைத்த பின்பே அதில் உப்பைக் கரைக்க வேண்டும்.

எந்த உப்பு என்பதும் ஒரு கேள்வி. ஆனையிறவு உப்பும் கடலிலிருந்துதானே வந்தது, அதையே கரைத்தால் என்ன என்று நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது உப்பாகப் படிவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. மக்னீசியம் போன்றவை மிஞ்சும் கசப்புநீரில் தங்கிவிடும், அந்த நீரை வெளியேற்றிவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். கறிக்கு அதுவே நல்லது, மீனுக்கு அது பாதிக் கடல்தான். இதற்கென்று விற்கும் கலவையை லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தேவை.

மின்சாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரை போனோம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டது. மோட்டர் நின்றால் மீன் மட்டும் மூச்சுத் திணறுவதில்லை. மூடிய வடிகட்டிக்குள் இருக்கும் பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் வேண்டும், சில மணித்தியாலங்களிலேயே அவை சாகத் தொடங்கும். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை மீன் வாங்குவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

சரி, தொட்டி தயார். இனி மீன்.

கண்டிக் கடையில் பொலித்தீன் பையில் தொங்கும் கடல்மீன் எங்கிருந்தோ நெடுந்தூரம் வந்தது. சில வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானவை, மற்றவை நமது பாறைகளில் பிடிக்கப்பட்டவை. தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் வருவது பழைய வழக்கம். கார்த்திகையில் கிழக்குக் கடல் குழம்பியதும் திரும்பிவிடுவார்கள். போர்க்காலத்தில் இந்தப் போக்குவரத்து பெரிதும் தடைப்பட்டது. பாஸ் எடுத்துக் கடலுக்குப் போன அந்தக் காலத்தை நம்மில் பலர் மறக்கவில்லை. 2009க்குப் பிறகு கடல் திறந்தது. மீன் பிடிப்பவர்களுக்கும் திறந்தது.

பிடிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவர் பாறையைக் கெடுப்பதில்லை. மொக்சி வலை என்பது கூம்பு வடிவ வலை. அதைப் பவளத்தின் மேல் போர்த்தி, கம்பியால் குத்திப் பவளத்தை உடைத்து, உள்ளே ஒளிந்த மீனை வெளியே விரட்டுவார்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. சில மீன் இனங்களைப் பிடித்து ஏற்றுமதி செய்யவும் தடை உள்ளது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போன பின்பு, உடைக்க அங்கே அதிகம் மிச்சமும் இல்லை. நண்பரின் தொட்டியில் பத்து நாளில் செத்த மூன்று மீன்களுக்குப் பின்னால் ஒரு பாறையும், அந்த ஆழத்துக்குப் போய் வந்த ஒரு சுழியோடியின் மூச்சும் இருக்கின்றன. அவர் அடுத்த மூன்றை வாங்கினால் யாரோ இன்னொரு தடவை இறங்க வேண்டும்.

பையோடு வந்த மீனை அப்படியே தொட்டிக்குள் கவிழ்ப்பது இரண்டாவது தவறு. பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டால் வெப்பநிலை ஒன்றாகும். அடுத்தது உப்பின் செறிவு. கடைகள் பல, ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்பை மிச்சம் பிடிக்கவும் தமது நீரைக் கடலை விட உப்புக் குறைவாக வைத்திருக்கும். உப்புக் கூடிய நீரிலிருந்து குறைந்த நீருக்குப் போவதை மீன் ஓரளவு தாங்கும். குறைந்ததிலிருந்து கூடியதற்குத் திடீரெனப் போனால் உடலிலுள்ள நீரை இழக்கும். அதனால் கடையின் நீரையும் உப்புமானியால் அளந்து பாருங்கள். வேறுபாடு சிறிதென்றால் மெல்லிய ரியூப் ஒன்றில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைத் துளித்துளியாக வாளிக்குள் விட்டு, ஒரு மணித்தியாலத்தில் சமப்படுத்தலாம். பெரிதென்றால் அது ஒரு மணித்தியால வேலையல்ல, சில நாட்கள் எடுக்கும்.

இங்கே கண்டிக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. கரையோரத்திலிருந்து பல மணித்தியாலம் அடைபட்டு வந்த பைக்குள் மீன் விட்ட மூச்சினால் காபனீரொட்சைட்டு சேர்ந்து, பீ.எச். இறங்கியிருக்கும். அந்த இறக்கம்தான் பைக்குள் சேர்ந்த அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பீ.எச். ஏறும், அடங்கியிருந்த நஞ்சு விழிக்கும். அப்படி வந்த மீனைப் பையின் நீரிலேயே வைத்து நிதானமாகத் துளி விட்டுக்கொண்டிருப்பது கொல்லும் பொறுமை. முன்கூட்டியே அதே உப்பளவில் தயாரித்து வைத்த சுத்தமான நீருக்கு உடனே மாற்ற வேண்டும். இரண்டு நிலைமையிலும் பையின் நீர் ஒரு கோப்பையேனும் தொட்டிக்குள் போகக்கூடாது.

அந்தச் சுத்தமான நீர் எங்கே இருக்க வேண்டும்? பெரிய தொட்டியில் அல்ல. தனியாக ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, நாற்பது லீற்றர் கொண்டால் போதும், ஒரு ஹீற்றர், சிறிய வடிகட்டி, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பீ.வி.சி. குழாய். புதிய மீன் நான்கு வாரமேனும் அங்கேதான். வெண்புள்ளி நோய் என்று ஒன்று உண்டு. அதன் ஒட்டுண்ணி சில நாட்கள் மீனின் தோலில் உப்புத்தூள் போலத் தெரியும், பிறகு உதிர்ந்துவிடும். மீன் சுகமாகிவிட்டது என்று நாம் மகிழ்வோம். அது மணலில் கூடு கட்டி, உள்ளே பிரிந்து பெருகி, நூற்றுக்கணக்கில் திரும்பி வரும். தொட்டிக்குள் வந்துவிட்டால் செம்பு மருந்தும் போட முடியாது, ஏனென்றால் பவளத்தையும் இறாலையும் அது கொன்றுவிடும். எல்லா மீன்களையும் வெளியேற்றி, இரண்டரை மாதம் வரை தொட்டியை வெறுமையாக வைப்பதுதான் வழி.

மலையகத்தில் வாழ்கிறவர்களுக்குத் தனிமைப்படுத்தல் என்பது பாட்டன் காலத்துச் சொல். தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் மண்டபம் முகாமில் அவர்களை நாட்கணக்கில் தடுத்து வைத்து, வாந்திபேதியும் அம்மையும் இல்லையென்று உறுதியான பின்பே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் போன அகதிகள் பலர் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். அந்த ஊருக்கு மீன் தொடர்பும் உண்டு. இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள தன் நிலையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. தொட்டியில் பிறந்த குஞ்சு பாறையைக் கேட்பதில்லை, போட்ட உணவைத் தின்னும், நோயும் குறைவு. கடையில் கேட்டுப் பாருங்கள். முதல் மீனாக வாங்குவதற்கு அதுவே மேல்.

நான்கு வாரம் கழிந்து பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் விளக்கை அணைத்துவிடுங்கள். உணவு மறுநாள் கொஞ்சம் போதும். ஏற்கனவே மீன் இருந்தால் கற்களைச் சற்று இடம் மாற்றி வைத்தால் பழையவற்றின் எல்லைகள் கலைந்து, புதியதைத் துரத்துவது குறையும். சண்டைக்கார இனங்களைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு சேர்த்தால் அடுத்ததற்கு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். கழிவு கூடும்போது பற்றீரியாவும் அதற்கேற்பப் பெருக அவகாசம் வேண்டும்.

நண்பர் தொட்டியைக் கலைக்கவில்லை. இறால் துண்டோடு மறுபடி தொடங்கினார். வீடு முழுக்க மணக்கிறது என்று மனைவி இரண்டு கிழமை அவரோடு சரியாகப் பேசவில்லை. போன ஞாயிறு நான் போனபோது அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்தில் நின்றன. தொட்டியில் பிறந்த இரண்டு கோமாளிக் குஞ்சுகள் பின்னறையில் நீலப் பெட்டிக்குள் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. மூத்தவள் சுவர் நாட்காட்டியில் நாளுக்கொரு கோடு வெட்டுகிறாள். இன்னும் பதினொன்று இருக்கிறது.