துணியும் மரமும் நூலகத்துக்கு வரட்டும்



நூலகப் பணியில் முப்பது ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் நான். சென்னையில் உள் அலங்கார வடிவமைப்பு படிக்கும் என் தங்கை மகள் போன விடுமுறைக்குக் கப்பலில் வந்திருந்தாள். “மாமா, நிக்கோபார் வட்டக் குடிசை பத்தி புராஜெக்ட் பண்ணணும். அளவு போட்ட படத்தோட புத்தகம் இருக்கா?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆடை வடிவமைப்புக்கும் உள் அலங்காரத்துக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகம் நூல் சேர்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நூல்கள் சிதறிக் கிடக்கும். டூயி தசமப் பகுப்பில் உடை வழக்கங்கள் 391, தையல் 646, ஜவுளி உற்பத்தி 677, துணிக்கலை 746, உள் அலங்காரம் 747, மரச்சாமான் 749. ஒரு சேலையைப் பற்றி அறிய நாலு அலமாரி அலைய வேண்டும். எனவே பாடவாரியான தனிப்பட்டியல் ஒன்று வாசலிலேயே இருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தைச் சேமிப்பதும் ஒன்றல்லவா?

இரண்டாவது, நூலின் ஆயுள். நாகரிகப் போக்கு காட்டும் இதழ் ஒரு பருவத்தில் பழசாகிவிடும். ஜவுளி வரலாற்று நூல் ஐம்பது வருஷம் உழைக்கும். தேசியக் கட்டடத் தொகுப்பு விதிகளோ புதிய பதிப்பாக இருந்தால்தான் பயன். 2005 பதிப்புக்குப் பின் 2016-ல் திருத்திய பதிப்பு வந்தது. இதைப் பார்த்துத்தான் பணத்தைப் பங்கிட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: மாதிரிகள். துணியைத் தொடாமல் துணியைப் படிக்க முடியாது. 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாக்கினார். மொத்தம் 20 பிரதிகள்; 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. நம் துணியைப் பார்த்து அவர்கள் ஆலையில் நெய்து நமக்கே விற்பதுதான் நோக்கம். நோக்கம் எதுவானாலும் முறை நல்ல முறை.

நம் தீவுகளில் இது இன்னும் அவசரம். தூண்கள்மேல் நின்று, தரைப்பலகை வழியே ஏணியில் ஏறும் நிக்கோபார்க் குடிசைகள் பலவற்றை 2004 டிசம்பர் 26 கடல்கோள் கொண்டுபோனது. அவற்றைக் கட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடு அளவும் படமும் எழுதி வைக்க வேண்டும். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் படாக் துண்டு, பிரம்புப் பின்னல் இவையும் சேரட்டும். இங்குள்ள ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஆகவே மாதிரிகளை அமிலமில்லாத தாளில், வெயில் படாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

நம் குடும்பங்களும் உதவலாம். பரணில் கிடக்கும் பாட்டியின் சேலையோடு ஒரு சீட்டு எழுதுங்கள்: எந்த ஊர் நெசவு, எந்த வருஷம், யார் கட்டியது. சீட்டு இல்லாத சேலை வெறும் பழந்துணிதான்.

என் அம்மாவின் சுங்குடிச் சேலை கிழிந்துவிட்டது. அதில் நல்ல பாகத்தை ஒரு முழம் வெட்ட முதலில் கை வரவில்லை. பிறகு வெட்டி, சீட்டும் எழுதி மருமகளிடம் கொடுத்தேன். “முதல் மாதிரி இதுதான் மாமா” என்றாள்.